தூக்குக் கைதியின் கையெழுத்துப் பிரதி: 1994 வழக்கு ஒன்றின் ஆய்வு

1994-ல் தமிழ்நாட்டில் தொடங்கி உச்ச நீதிமன்றம் வரை போன ஒரு தகராறின் பதிவு இது. சட்டம் படித்தவர்கள் 'ராஜகோபால் எதிர் தமிழ்நாடு அரசு' என்று சொன்னால் உடனே பிடித்துக்கொள்வார்கள். வழக்கைத் தேடிப் படிக்க நினைப்பவர்களுக்காக அந்தப் பெயரை மட்டும் சொல்லிவிடுகிறேன். மற்றபடி கைதி, அவர் மனைவி, பத்திரிகை, அதிகாரி என்று அவரவர் இருந்த இடத்தை வைத்தே எழுதுகிறேன். அந்தக் காலத்து வாசகர்களுக்கு ஆட்கள் யார் என்று சொல்லாமலே தெரியும். தெரியாதவர்கள் தெரிந்துகொண்டுதான் ஆக வேண்டும் என்றில்லை. கைதியின் குடும்பத்தாரும் கொலையுண்டவர்களின் குடும்பத்தாரும் ஏற்கெனவே போதுமான அளவு செய்தியாகிவிட்டார்கள்.

பின்னணி

கைதி மீது ஆறு கொலைகள் தொடர்பான குற்றச்சாட்டு. செங்கல்பட்டு செஷன்ஸ் நீதிமன்றம் 1991 மே 31 அன்று அவருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. 1992 ஜூலை 17-ல் சென்னை உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 1994 ஏப்ரல் 5-ல் உச்ச நீதிமன்றமும் மேல்முறையீட்டைத் தள்ளுபடி செய்தது. மிச்சம் இருந்தது கருணை மனு மட்டும்தான்.

இந்த நேரத்தில் சென்னையிலிருந்து வரும் ஒரு தமிழ் வாரப் பத்திரிகையிடம் அவருடைய சுயசரிதை இருந்தது. பத்திரிகை பிறகு நீதிமன்றத்தில் சொன்னது இது: கைதி 1991-ல் சிறைக்குள்ளேயே சுமார் 300 பக்கம் எழுதினார். சிறை அதிகாரிகளுக்குத் தெரிந்தே, அவர்கள் சம்மதத்தோடு அதைத் தன் மனைவியிடம் கொடுத்தார். மனைவி மூலம் அது வழக்கறிஞருக்குப் போனது. இந்தப் பத்திரிகையில் தொடராக வர வேண்டும் என்பது கைதியின் விருப்பம். அதற்குக் கடிதங்களும் இருக்கின்றன.

பிரதியில் என்ன இருந்தது என்பதில்தான் விவகாரமே. ஐஏஎஸ், ஐபிஎஸ் அதிகாரிகள் சிலருக்கும் தனக்கும் இருந்த நெருக்கத்தையும், சில குற்றங்களில் அவர்களுக்கும் பங்கு உண்டு என்பதையும் கைதி எழுதியிருப்பதாகப் பத்திரிகை சொன்னது. அவர் கட்டிய வீட்டின் புதுமனைப் புகுவிழாவுக்கு அதிகாரிகள் வந்ததற்கு வீடியோ கேசட்டும் புகைப்படங்களும் சாட்சி என்றும் சொன்னது.

அறிவிப்பும் அதன் பிறகும்

1994 மே 21 தேதியிட்ட இதழில், தொடர் விரைவில் வரப்போகிறது என்று பத்திரிகை அறிவித்தது. தமிழ் வாரப் பத்திரிகைகளுக்கு இது வழக்கமான காரியம்தான். ஆனால் இந்த அறிவிப்பு தங்கள் பெயர் வந்துவிடுமோ என்ற பயத்தைச் சில அதிகாரிகளிடம் கிளப்பியது என்பது பத்திரிகையின் தரப்பு. கைதியை அடித்து உதைத்து, 'என் கதையைப் போடாதீர்கள்' என்று கடிதம் எழுத வைத்தார்கள் என்றும் அது குற்றம் சாட்டியது. அரசு இதை மறுத்தது.

ஜூன் 15 அன்று சிறைத்துறை ஐஜி பத்திரிகை ஆசிரியருக்கு ஒரு கடிதம் அனுப்பினார். கைதி சுயசரிதை எழுதினார் என்பது பொய், வழக்கறிஞருக்குப் பவர் கொடுத்தார் என்பதும் பொய், கைதியே மறுக்கிறார், அவர் பெயரில் வேறு யாரோ எழுதுகிறார்கள், தூக்குக் கைதியின் பெயரில் பத்திரிகையில் எழுதுவது சிறை விதிகளுக்கு விரோதம், உடனே நிறுத்துங்கள், இல்லையென்றால் சட்டப்படி நடவடிக்கை. கடிதத்தின் சாரம் இவ்வளவுதான்.

மூன்று இதழ்களில் தொடர் வந்திருந்தது. போலீஸ் நடவடிக்கைக்குப் பயந்து பத்திரிகை அத்தோடு நிறுத்தியது. முதலில் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். மனுவை எடுத்துக்கொள்ளலாமா என்ற கேள்வியிலேயே அது நின்றுபோனது. கைதி தானாக முன்வந்து கேட்காதவரை மற்றவர்களுக்கு இதில் பேச இடமில்லை என்பது தனி நீதிபதியின் நிலை. அப்புறம் ஆசிரியரும் அவருடைய சகாக்களும் அரசமைப்பின் 32-வது பிரிவின் கீழ் நேராக உச்ச நீதிமன்றத்தில் ரிட் மனு போட்டார்கள்.

ஆவணங்களில் தெரிவது

தீர்ப்பைப் படிக்கும்போது முதலில் கண்ணில் படுவது, யார் வழக்கில் இல்லை என்பதுதான். கைதி தரப்பாகச் சேர்க்கப்படவில்லை. மனைவி இல்லை, வழக்கறிஞரும் இல்லை. ஒருவருடைய வாழ்க்கைக் கதையைப் பற்றிய வழக்கில் அந்த ஒருவரின் குரல் இரண்டு தரப்பு வழியாகத்தான் வருகிறது. எழுதச் சொன்னார் என்கிறது பத்திரிகை. எழுதவே இல்லை என்கிறது சிறைத்துறை. அவரைத் தன் காவலில் வைத்திருப்பதும் அதே சிறைத்துறைதான்.

இன்னொன்று, சிறைத்துறையின் கடிதம் நின்ற தளம். அதன் வாதமெல்லாம் சிறை விதி, போலிப் பெயர், செல்லாத பவர் என்ற அளவில்தான். இவையெல்லாம் கைதியின் நலனைக் காப்பது போலத் தோன்றும் வாதங்கள். ஆனால் தொடர் நின்றால் நேரடியாக நிம்மதி அடையக்கூடியவர்கள் பிரதியில் பெயர் இருந்த அதிகாரிகள். அடுத்தவர் அந்தரங்கத்தைச் சொல்லித் தன்னைக் காத்துக்கொள்வது அதிகார இடங்களில் புதிதில்லை. செய்தி அறையில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய இடம் இது. 'இது தனிப்பட்ட விஷயம், போடாதீர்கள்' என்று ஒரு போன் வந்தால், பேசுபவர் யாருடைய தனிப்பட்ட விஷயத்தைப் பற்றிப் பேசுகிறார் என்று பார்க்க வேண்டும்.

சிறை விதி வாதமும் அப்படி ஒன்றும் வலுவானது இல்லை. 1965-லேயே உச்ச நீதிமன்றம் இதற்கு நெருக்கமான ஒரு வழக்கைப் பார்த்திருக்கிறது. பம்பாய்ச் சிறையில் தடுப்புக் காவலில் இருந்த ஒருவர் மராத்தியில் அணு அறிவியல் பற்றிப் புத்தகம் எழுதி, அச்சிட வெளியே அனுப்பக் கேட்டார். அரசு மறுத்தது. விதிகளில் வெளிப்படையாகத் தடை இல்லாதபோது மறுக்க முடியாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது.

நீதிமன்றம் எடுத்த முடிவுகள்

நீதிபதிகள் பி.பி. ஜீவன் ரெட்டி, எஸ்.சி. சென் அடங்கிய அமர்வு 1994 அக்டோபர் 7 அன்று தீர்ப்புச் சொன்னது.

அமர்வு எடுத்த முதல் முடிவு நடைமுறை சார்ந்தது. கைதி முன்னால் இல்லை. எது உண்மை என்று கண்டுபிடிக்க வழியில்லை. அதனால் அவர் சுயசரிதை எழுதவும் இல்லை, வெளியிட அனுமதி கொடுக்கவும் இல்லை என்று வைத்துக்கொண்டே வழக்கைப் பார்ப்போம் என்றார்கள். பத்திரிகைக்கு மிகப் பாதகமான அனுமானம் இது. அதில் நின்றுகொண்டே பத்திரிகைக்கு எவ்வளவு உரிமை மிஞ்சுகிறது என்று பார்த்ததால்தான், இந்தத் தீர்ப்பு ஒரு கைதியின் கதையைத் தாண்டி எல்லா வழக்குகளுக்கும் பொருந்தும் ஒன்றாக ஆனது.

உயிருக்கும் தனிமனிதச் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புத் தரும் அரசமைப்பின் 21-வது பிரிவுக்குள்ளேயே தனியுரிமை இருக்கிறது என்றார்கள். தன்னைத் தன்பாட்டில் விடச் சொல்லும் உரிமை அது. குடும்பம், திருமணம், பிள்ளைப்பேறு, கல்வி போன்றவற்றைப் பற்றி ஒருவரின் சம்மதம் இல்லாமல் யாரும் வெளியிட முடியாது. எழுதியது உண்மையா பொய்யா, புகழ்ச்சியா இகழ்ச்சியா என்பது இதில் பொருட்டில்லை. மீறினால் நஷ்ட ஈடு. தானாகப் போய்ச் சர்ச்சையில் தலையைக் கொடுத்தவர்களுக்கு மட்டும் கணக்கு வேறு.

இதற்கு விதிவிலக்காக, நீதிமன்ற ஆவணம் உள்ளிட்ட பொது ஆவணங்களில் இருப்பதை எழுதலாம். ஆனால் பாலியல் வன்முறை, கடத்தல் போன்ற குற்றங்களில் பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர், ஆவணத்தில் இருந்தாலும் வெளியே வரக் கூடாது.

அதிகாரிகள் விஷயத்தில் தீர்ப்பு இன்னும் தைரியமாகப் போகிறது. அவர்களின் உத்தியோகக் கடமை தொடர்பான செயல்களுக்குத் தனியுரிமை என்ற கேடயம் கிடையாது. எழுதியது தவறாகவே இருந்தாலும், நியாயமான அளவு சரிபார்த்துத்தான் போட்டோம் என்று பத்திரிகை காட்டினால் போதும். உண்மையைப் பற்றிக் கவலையே படாமலோ, உள்நோக்கத்தோடோ எழுதியிருந்தால் மட்டும் தப்ப முடியாது. 1964-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் நியூயார்க் டைம்ஸ் வழக்கில் சொன்னதை அமர்வு இங்கே எடுத்துக்கொண்டது. அரசும் உள்ளாட்சி அமைப்புகளும் தங்கள் மானம் போனதாக நஷ்ட ஈட்டு வழக்குப் போட முடியாது என்பதற்கு 1993-ல் பிரிட்டனில் டெர்பிஷயர் கவுன்டி கவுன்சில் தோற்ற வழக்கு துணைக்கு வந்தது. நீதித்துறைக்கும் சட்டமன்றங்களுக்கும் மட்டும் அவமதிப்பு, உரிமை மீறல் அதிகாரங்கள் தொடரும் என்றார்கள். மழையில் எல்லோரையும் நனையவிட்டுத் தான் மட்டும் குடை பிடித்துக்கொண்டது போல இது எனக்குப் படுகிறது.

கடைசியாக, வழக்கின் மையமான கேள்வி. வெளிவருவதற்கு முன்பே தடுக்க அரசுக்கோ அதிகாரிக்கோ அதிகாரம் தரும் சட்டம் எதுவும் இல்லை. மானம் போனது என்று நினைப்பவர் வெளிவந்த பிறகு வழக்குப் போடட்டும். ஐஜியின் கடிதம் இங்கே விழுந்துவிட்டது.

கைதியின் கதையைப் பொறுத்து உத்தரவு இப்படி: பொது ஆவணங்களில் தெரிகிற அளவுக்கு, அவர் சம்மதம் இல்லாமலும் பத்திரிகை எழுதலாம். அதைத் தாண்டிப் போனால் அவருடைய தனியுரிமையில் கைவைத்ததாக ஆகலாம். விளைவைப் பத்திரிகை ஏற்க வேண்டும். கேட்கும் உரிமை கைதிக்குத்தான். சிறைத்துறைக்கு இல்லை.

புதுமனைப் புகுவிழாப் படம்

இந்த விதிகள் ஆசிரியர் மேசையில் எப்படி வேலை செய்யும் என்று பார்க்க, அந்த விழாப் புகைப்படத்தையே எடுத்துக்கொள்ளலாம். இப்படி ஒரு படம் உங்கள் மேசைக்கு வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரே ஃப்ரேமில் வீட்டுக்காரர், மனைவி, குழந்தைகள், அக்கம்பக்கத்தார், சட்டையில் சந்தனம் தெளித்த விருந்தாளியாக ஓர் அதிகாரி.

வீட்டுக்காரர் தண்டிக்கப்பட்ட குற்றவாளி. கொலை வழக்கின் தீர்ப்பில் இருப்பதை எழுதலாம். இந்த விழா அந்தத் தீர்ப்பில் இல்லையென்றால், அது அவருடைய வீட்டு விசேஷம். மனைவியும் குழந்தைகளும் எந்தச் சர்ச்சையிலும் தாங்களாக நுழையவில்லை. அவர்கள் முகம் வரக் கூடாது. பக்கத்து வீட்டுக்காரர் சாப்பிட வந்தவர். அவரை வெட்டிவிட வேண்டும்.

இனி அதிகாரி. அவர் சீருடையில் இல்லை, சொந்த நேரத்தில் வந்திருக்கிறார். 'விருந்துக்குப் போனது என் தனிப்பட்ட விஷயம்' என்பார். வெறும் விருந்தாக இருந்தால் அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஆனால் விழா நடந்த சமயத்தில் அந்தப் பகுதி அவருடைய எல்லைக்குள் இருந்ததா, அந்த வீட்டுக்காரர் மீது அவரிடம் புகார் ஏதாவது கிடப்பில் இருந்ததா? ஆம் என்றால் விருந்து அவருடைய உத்தியோகத்தோடு சேர்ந்துவிடுகிறது. பணி மாறுதல் உத்தரவு, புகார்ப் பதிவேடு, விழா அழைப்பிதழின் தேதி ஆகிய மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிற உழைப்புக்குத்தான் 'நியாயமான அளவு சரிபார்த்தல்' என்று பெயர். அதைச் செய்யாமல் படத்தில் ஒரு வட்டம் போட்டு, 'இவர் யார்?' என்று தலைப்பு வைத்தால் 1994 தீர்ப்பு காப்பாற்றாது.

ஆக, பரபரப்பான விஷயத்தை எழுதப் பத்திரிகைக்கு அதிக இடம் இருக்கிறது. சாதாரணமாகத் தெரியும் குடும்ப விஷயத்தில்தான் இடம் குறைவு. பல ஆசிரியர் குழுக்களில் இது தலைகீழாக நடக்கிறது. அதிகாரி பெயரை 'உயர் அதிகாரி ஒருவர்' என்று மறைத்துவிட்டு, கைதியின் மனைவி படத்தைப் பெரிதாகப் போடுவார்கள். ஏனென்றால் மனைவி வக்கீல் நோட்டீஸ் அனுப்ப மாட்டார்.

தொடர்ந்து நடந்தது

கைதி 1995 ஏப்ரல் 27 அன்று சேலம் மத்தியச் சிறையில் தூக்கிலிடப்பட்டார். 'சம்மதம் கொடுத்தீர்களா இல்லையா' என்று அவரைக் கேட்டிருக்கக்கூடிய காலம் தீர்ப்புக்குப் பிறகு ஏழு மாதம்கூட இல்லை.

தீர்ப்பின் அடித்தளத்தில் ஓர் இடறல் இருந்தது. தனியுரிமை அரசமைப்பில் இல்லை என்று 1962-ல் கரக் சிங் வழக்கில் ஆறு நீதிபதிகள் அமர்வின் பெரும்பான்மை சொல்லியிருக்க, இரண்டு நீதிபதிகள் இருக்கிறது என்று எப்படிச் சொல்லலாம் என்ற கேள்வி ரொம்ப நாள் தொங்கிக்கொண்டிருந்தது. 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தனியுரிமை அடிப்படை உரிமைதான் என்று சொன்ன பிறகே அது தீர்ந்தது.

அவதூறு பக்கம் ஒரு கதவு திறந்தே இருந்தது. குற்றவியல் அவதூறு பற்றி முடிவு சொல்லவில்லை என்று 1994 தீர்ப்பே குறிப்பிட்டுவிட்டது. அமைச்சர்களுக்காகவும் அதிகாரிகளுக்காகவும் அரசு வழக்கறிஞரே புகார் கொடுக்கும் வழி ஒன்று அப்போதைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இருந்தது. தமிழ்நாட்டு அரசுகள் அதைத் தாராளமாகப் பயன்படுத்தின. 2020 மே மாதம் சென்னை உயர் நீதிமன்றம் பத்திரிகையாளர்கள் மீதான அத்தகைய வழக்குகள் பலவற்றை ஒரே தீர்ப்பில் ரத்து செய்து, அரசு வழக்கறிஞர் அரசு கொடுப்பதை அப்படியே நீதிமன்றத்தில் சேர்க்கும் தபால் அலுவலகம் அல்ல என்று கண்டித்தது.

பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் பற்றிய விதி நல்ல விதி. அதை மீறுவது பத்திரிகைகள் மட்டும்தான் என்று நினைத்தால் 2019-ஐப் பார்க்க வேண்டும். பொள்ளாச்சி பாலியல் வழக்கை சிபிஐக்கு மாற்றி வெளியிட்ட அரசாணையிலேயே பாதிக்கப்பட்ட பெண்ணின் பெயர் இருந்தது. உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்காக 25 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொன்னது. 1994-ல் ஒரு கைதியின் பெயரில் கதை வரக் கூடாது என்று அவ்வளவு அக்கறை காட்டிய அதே அரசு இயந்திரம்தான் இது.

என்ன மாற வேண்டும்

நீதிமன்றத்தில் தொடங்குகிறேன். கைதி சிறையில்தான் இருந்தார். ஒரு மாஜிஸ்திரேட்டை அனுப்பி, சிறை அதிகாரிகள் பக்கத்தில் இல்லாமல், வாக்குமூலம் வாங்கச் சொல்லியிருக்கலாம் என்பது என் எண்ணம். அமர்வு அனுமானத்தை வைத்து நல்ல சட்டம் எழுதியது. ஆனால் ஒரு தனி மனிதனின் சம்மதம் என்ற எளிய உண்மை கடைசிவரை விசாரிக்கப்படவே இல்லை. காவலில் இருப்பவர் கொடுக்கும் மறுப்பைக் காவல் வைத்திருப்பவர் சொல்லிக் கேட்பது எந்தச் சூழலிலும் போதாது.

பத்திரிகைகளைப் பொறுத்தவரை, மனைவியையும் வழக்கறிஞரையும் முதல் நாளே வழக்கில் சேர்த்திருந்தால் நிலைமை வேறு மாதிரி போயிருக்கும். இன்று இப்படி ஒரு பிரதி கைக்கு வந்தால், யார் எப்போது கொடுத்தார், எந்தப் பக்கங்களுக்குச் சம்மதம், யார் முன்னிலையில் என்பதை அன்றைக்கே எழுதி வாங்கிவிட வேண்டும். அறிவிப்பு விளம்பரம் அதற்குப் பிறகு. சம்மதத்தைக்கூட மொத்தமாக வாங்குவதில் பயனில்லை. தன் குற்றத்தைப் பற்றி எழுத ஒருவர் சம்மதிக்கலாம். தன் தங்கையின் திருமண முறிவைப் பற்றிச் சம்மதிக்க அவருக்கு உரிமை கிடையாது.

இதெல்லாம் பழைய சட்டத்தின் கணக்கு. இப்போது 2023-ன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. அதிகபட்ச அபராதம் 250 கோடி ரூபாய். 2018, 2019 வரைவுகளில் பத்திரிகைப் பணிக்கு இருந்த விலக்கு இந்தச் சட்டத்தில் இல்லை. பத்திரிகை ஆசிரியர்களின் அமைப்பான எடிட்டர்ஸ் கில்ட் விலக்குக் கேட்டு மத்திய அரசுக்கு எழுதியும் பார்த்தது. 300 பக்கக் கையெழுத்துப் பிரதியை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றிய நிமிடமே, அதில் பெயர் வருகிற ஒவ்வொருவரின் சம்மதமும் கேள்வியாகிவிடும். பெயர் வருகிற அதிகாரிகளும் அதில் அடக்கம். அதிகாரிகளின் உத்தியோகச் செயல்களை 1994 தீர்ப்பு தனியாகப் பிரித்தது போல இந்தச் சட்டம் பிரிக்கவில்லை.

பொது ஆவணம் என்ற விதிவிலக்கும் சுருங்குகிறது. அதிகாரியின் பணி மாறுதல் உத்தரவு போன்றவற்றை நாம் எடுத்தது பெரும்பாலும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் (ஆர்டிஐ) வழியாகத்தான். அதன் 8(1)(j) பிரிவு, பொதுப் பணியோடு தொடர்பில்லாத அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடும் தனிப்பட்ட தகவலை மட்டும் மறுக்க இடம் கொடுத்தது. பொதுநலன் பெரிதென்றால் அதையும் கொடுக்கலாம் என்றது. தரவுச் சட்டத்தின் 44(3) பிரிவு அதைத் திருத்தி, தனிப்பட்ட தகவல் என்றாலே மறுக்கலாம் என்று ஆக்கிவிட்டது. 2025 நவம்பரிலிருந்து திருத்தம் அமலில் இருக்கிறது. மிச்சமிருப்பது 8(2) பிரிவு: வெளியிடுவதால் வரும் பொதுநலன், கெடுதலைவிடப் பெரிதென்றால் தகவலைக் கொடுக்கலாம். இனி ஆர்டிஐ மனு எழுதும்போது அந்தப் பிரிவின் எண்ணைக் குறிப்பிட்டு, பொதுநலன் என்ன என்று இரண்டு வரியாவது சேர்த்தே அனுப்ப வேண்டும். மறுப்பு வந்தால் மேல்முறையீட்டில் பேச அதுதான் இருக்கும்.